ஊதா மூடியும் நீல மூடியும்

கல்முனைப் பிரதான வீதியில், சாறம் விற்கும் கடைக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் நடுவே ஒடுங்கிப்போய் நிற்கிற இரத்தப் பரிசோதனை லெப்பில்தான் றிஸ்லா பதினெட்டு வருடமாக இரத்தம் எடுக்கிறாள். ஊரில் லெப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சாய்ந்தமருதில் ஒரு கைக்குழந்தைக்கு நரம்பு அகப்படவில்லை என்றாலும் சரி, நிந்தவூரில் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஓர் ஆம்பிளை இருந்தாலும் சரி, சனம் சொல்வது ஒன்றுதான்: "றிஸ்லாட்டக் கூட்டிப் போங்க." அவள் ஊசியைக் குத்துவதற்கு முன்னால் ஏச ஆரம்பிப்பாள். ஏச்சு முடிவதற்குள் குழாய் நிரம்பியிருக்கும். குத்தியது எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

நாற்பத்து மூன்று வயது, குள்ளம், சிரித்தால் அடுத்த கடையில் சாறம் மடிப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்று, வைத்திய பீடத்துக்குக் கொஞ்சப் புள்ளிகள் போதவில்லை என்று தெரிந்ததும் அவளுடைய வீடு சாவு விழுந்த மௌத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. பெரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். றிஸ்லா மட்டும் பசிக்கிறது என்று சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு ஆய்வுகூட வேலை படிக்கப் போனாள். முதல் மாதமே தன் விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, "அல்லாஹ்! என்ட உடம்புக்குள்ள ஒரு பெருநாள் நடக்குது!" என்று கத்தியதில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தச் சந்தோசம் இன்றைக்கும் அவளுக்குக் குறையவில்லை. சம்பளம் கிடைக்காவிட்டாலும் பார்ப்பாள் போலிருக்கிறது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மெஷினை நம்பமாட்டாள். லெப்பின் உரிமையாளர் ஷரிபுதீன் கொழும்பிலிருந்து தருவித்த மெஷின் அது. ஊதா மூடி போட்ட சின்னக் குழாயைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் இரத்தத்தில் இருக்கிற எல்லாவற்றையும் எண்ணிக் கடதாசியில் தந்துவிடும். சிவப்பணு, வெள்ளையணு, பள்ளிக்கூடத்தில் குருதிச் சிறுதட்டு என்று படித்து ஊரில் பிளேட்லட் என்று சொல்கிற அந்தப் பொடிச் சாமான்கள், எல்லாம். ஷரிபுதீனுக்கு அதில் பெருமை. றிஸ்லாவோ பிளேட்லட் ஓர் இலட்சத்துக்குக் கீழே என்று மெஷின் சொன்னால், கடதாசியைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு அதே இரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்துப் பூசி, சாயம் ஊற்றி, காயவைத்து, கண்ணால் பார்த்த பிறகுதான் கையொப்பம் வைப்பாள். அதற்கு அரை மணித்தியாலம் ஆகும். சுவரோர வாங்கில் குந்திக் காத்திருக்கிற சனம் முணுமுணுக்கும்.

"மெஷின் பொய் சொல்லுமா, றிஸ்லா?" என்று ஷரிபுதீன் கேட்பார்.

"பொய் சொல்லாது, நானா. அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லும். தெரியாததச் சொல்லத் தெரியாது," என்பாள் அவள்.

போன டெங்குக் காலத்தில் தங்கச்சியின் பிரசவத்துக்காக அவள் நாலு நாள் லீவு போட்டுவிட்டு அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி வந்து பர்தாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டும்போதே வாங்கில் ஒரு தலை தெரிந்தது. தாடைக்குக் கீழிருந்து உச்சந்தலைவரை லேஞ்சித் துணியால் இறுக்கிக் கட்டிய தலை. இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் சோடாப் போத்தலில் பச்சையாக எதையோ வைத்துக்கொண்டு, "குடிங்க, இன்னும் ரெண்டு முறடு," என்று வற்புறுத்திக்கொண்டிருந்தாள்.

றிஸ்லாவுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற பக்கீர் முகைதீன்! தோணி கரை தொட்டதும் அவர் போடுகிற சத்தத்துக்கு, பாதையில் போகிற பஸ்ஸில் இருக்கிறவர்களுக்குக்கூட இன்றைக்கு என்ன மீன் பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மனிசன் இப்போது வாயைத் திறக்க முடியாமல், பல்லுக்கிடையால் காற்றை ஊதிக்கொண்டு இருந்தார்.

"என்ன காக்கா இது கோலம்?"

பக்கீர் எதையோ சொன்னார். ஒன்றும் விளங்கவில்லை. மனைவி சுபைறா மொழிபெயர்த்தாள். மொழிபெயர்ப்பில் அவளுடைய சொந்தச் சரக்கும் நிறையக் கலந்திருந்தது.

"கடவாப் பல்லு, புள்ள. ஒரு கிழமையா நோவு. கராம்ப அடக்கிக்கிட்டு கடக்கரைக்குப் போய் கத்தினார். பொறகு வீங்கிட்டு. பல்லு டொக்டர்ட்டப் போனா, காச்சலும் இருக்கு, டெங்குக் காலம், முதல்ல ரத்தத்தப் பாத்துக்கிட்டு வாங்க எண்டார். பாத்தா பிளேட்லட் இருவத்தொண்டாம்! ஒன்டர லெச்சத்துக்கு மேல இருக்கணுமாம், இவருக்கு வெறும் இருவத்தோராயிரமாம். பல்லக் கழட்டினா ரத்தம் நிக்காது, நான் தொடமாட்டன், நேரா ஆசுபத்திரிக்குப் போங்க எண்டு டொக்டர் சொல்லிப் போட்டார்."

"அப்ப ஆசுபத்திரிக்குப் போனீங்களா?"

சுபைறா பக்கீரைப் பார்த்தாள். பக்கீர் கூரையைப் பார்த்தார்.

"போகல்ல, புள்ள. போனா வார்டில மறிச்சிப் போடுவாங்க எண்டு இவருக்குப் பயம். வெள்ளிக்கிழமை எங்கட மகள் மர்ஷூதாட காவின், கலியாணம்."

விசயம் இதுதான். மூன்று ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே மகள். மாப்பிள்ளை நிந்தவூர்ப் பொடியன் சியாம். நிகாஹ்வில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பெண்ணுக்குத் தருகிற மஹர் என்ற மணக்கொடைக்கு மகளைத் தந்தேன் என்று தகப்பன் தன் வாயால் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் இன்னொருவரிடம் பொறுப்புக் கொடுக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது. பக்கீரின் மூத்த மகன் சொல்லத் தயார்தான். ஆனால் பக்கீருக்கு அந்தப் பேச்சே ஆகாது. இரண்டு மாதமாக அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார். குளிக்கும்போது சொல்வார், சைக்கிளில் போகும்போது சொல்வார். ஒருநாள் ஏலத்துக்கு நடுவில் வாய் தவறி, பெரிய பாரை மீன் ஒன்றை மஹருக்குத் தந்தேன் என்று சொல்லிவிட்டதாகவும் கடற்கரையில் ஒரு கதை உண்டு.

சுபைறாவுக்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. அவளுடைய நிகாஹ்வுக்கு நாலு மாதத்துக்கு முன்னால் வாப்பா மௌத்தாகிவிட்டார். வாப்பாவின் தம்பி, சாச்சாதான் அவளைக் கையளித்தார். "சாச்சா நல்ல மனிசன்தான், புள்ள. ஆனா அறைக்குள்ள இருந்து கேக்கக்குள்ள, சத்தம் வேற சத்தம். எனக்கு அது இன்னும் காதில கிடக்குது," என்று சொல்லிவிட்டு, அவள் போத்தலின் மூடியை இறுக்கினாள். "இவர் உசிரோட, கல்லுப் போல இருக்கக்குள்ள என்ட மகளுக்கு அது நடக்கக் கூடாது."

ஊசி குத்துமுன் ஏசுவதுபோல றிஸ்லா ஏசத் தொடங்கினாள்.

"சரி, ஆசுபத்திரிக்கும் போகல்ல. அப்ப என்னதான் செஞ்சீங்க?"

செய்ததைக் கேட்டால் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் பிளேட்லட்டை ஏற்றிவிட்டால் பல்லைக் கழற்றலாம் என்று புருசனும் பெண்டாட்டியும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பப்பாசி இலைச் சாறு, காலை மதியம் இரவு. சாய்ந்தமருதில் சுபைறாவின் வளவைச் சுற்றி ஏழு வீட்டுப் பப்பாசி மரங்கள் மொட்டையாகிவிட்டன. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு லெப்பில் இரத்தம். முதலாவது, றிஸ்லா லீவில் இருந்த அன்று, இதே லெப், இருபத்தொன்று. அடுத்த நாள் இன்னொரு லெப், முப்பத்துநாலு. வீட்டில் பெரிய கொண்டாட்டம், பப்பாசிக்கு நல்ல பெயர். மூன்றாம் நாள் வேறொன்றில் பதினெட்டு! ஏலம் கூறுகிறவருக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் புதிதா என்ன? நல்ல விலை விழும்வரை விடுவதில்லை என்று நாலாம் நாள் மறுபடியும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சாற்றின் கைப்பில் முகம் கோணிப்போனதா, பல் வீக்கத்தில் கோணியதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது அவர் கோலம்.

வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் உள்ளே பக்கீர் பயந்திருந்தார். சுபைறா குழாய்த் தண்ணீரில் கை கழுவப் போன இடைவெளியில் றிஸ்லாவைக் கிட்டக் கூப்பிட்டு, பல்லுக்கிடையால் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "தங்கச்சி, ரத்தப் புற்றா?" என்று கேட்டார். கடல் இரைச்சலையே அமுக்குகிற மனிசன் அவ்வளவு மெல்லக் கேட்டது அவளுக்குத் தாங்கவில்லை.

"கையக் காட்டுங்க, காக்கா," என்றாள்.

இரண்டு கையையும் நீட்டினார். முழங்கை மடிப்பில் மூன்று நாள் குத்தின மூன்று புள்ளிகள். அவ்வளவுதான். கன்றியிருக்கவில்லை, நீலம் பாரித்திருக்கவில்லை. காலைக் காட்டச் சொன்னாள். கெண்டைக்காலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. பல் முரசிலிருந்து இரத்தம் வந்ததா என்று கேட்டாள். இல்லை. மூக்கால்? இல்லை. நேற்றுக் கடற்கரையில் மீன் முள்ளு குத்தி விரல் கிழிந்ததாம். எவ்வளவு நேரம் ஒழுகியது?

"சூப்பினன். நிண்டுட்டு," என்றார் பக்கீர்.

றிஸ்லா நிமிர்ந்தாள். இருபதாயிரத்தோடு நாலு நாளாக நடமாடுகிற ஆளின் உடம்பில் எங்காவது ஓர் அடையாளம் இருக்க வேண்டாமா? அவளுடைய பிடிவாதம் விழித்துக்கொண்டது. ஒரே குத்தில் இரண்டு குழாய் எடுத்தாள். ஒன்று வழக்கமான ஊதா மூடி. மற்றது நீல மூடி. ஊசியைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்தி, தொண்ணூறுவரை எண்ணிவிட்டு எடுத்துப் பார்த்தாள். இரத்தம் நின்றிருந்தது.

ஊதாக் குழாயை மெஷினில் வைத்தாள். பத்தொன்பது. சுபைறா, "யா அல்லாஹ்!" என்று வாயில் கைவைத்தாள். றிஸ்லா கடதாசியைப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் எறிந்தாள். ஊதாக் குழாயிலிருந்து ஒரு சொட்டு, நீலக் குழாயிலிருந்து ஒரு சொட்டு. இரண்டு கண்ணாடித் தட்டில் பூசினாள். சாயம் ஊறட்டும் என்று வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காக்கா, கரவல இழுக்கக்குள்ள வல கிழிஞ்சா என்ன செய்வாங்க?"

பக்கீர் கையால் இறுக்கிப் பிடிப்பதுபோல் காட்டினார்.

"ஓம். முதல்ல கிட்ட நிக்கிற ரெண்டு பேர் பாஞ்சி ஓட்டையப் புடிப்பாங்க. புடிச்சிக்கிட்டு கத்துவாங்க. சத்தம் கேட்டு இன்னும் பத்துப் பேர் ஓடி வருவாங்க. பொறகு கயிறு போட்டுக் கட்டுவாங்க. உங்கட உடம்பிலயும் அதேதான். முள்ளுக் குத்தினதும் ரத்தக் குழாய் முதல்ல தானா சுருங்கும். கிழிஞ்ச இடத்த, ரத்தத்தோட போய்க்கிட்டிருந்த பிளேட்லட் காணும். சும்மா போகக்குள்ள அதுகள் சின்னத் தட்டு மாதிரி வழுவழுப்பா, ஒண்டோட ஒண்டு ஒட்டாமப் போகும். காயத்தக் கண்டதும் கை கால் முளைச்ச மாதிரி ஆகிப் போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு, மத்ததுகளுக்கு வாங்க எண்டு மருந்து விடும். கூட்டம் சேர்ந்து ஓட்டைய அடைக்கும். அது அவசரத்துக்கு அடைச்ச அடைப்புத்தான். அதுக்கு மேல ரத்தத்தில கரைஞ்சி கிடக்கிற சாமான் ஒண்டு நார் நாரா ஆகி வல மாதிரி மூடும். அதுதான் கட்டியாகிற. அந்த நார் செய்யக் கல்சியமும் வேணும், ஈரல் செஞ்சி அனுப்புற சரக்கும் வேணும். காயம் ஆறின பொறகு உடம்பே அந்த வலயக் கரைச்சி எடுத்துப் போடும்."

வாங்கில் இருந்த மற்றவர்களும் இப்போது கிட்ட நகர்ந்திருந்தார்கள். டெங்குக்கு மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பன், "அப்ப பிளேட்லட் குறைஞ்சா ஓட்டையப் புடிக்க ஆள் இல்ல," என்றார்.

"அதுதான் கதை. ஆனா பக்கீர் காக்காட ஓட்டைய யாரோ புடிக்கிறாங்களே? நேத்து முள்ளுக் குத்தினத யார் அடைச்ச?"

றிஸ்லா இன்னும் உறுதியாகச் சொல்லத் தயாரில்லை. எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவி, காயவைத்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே முதலாவதை வைத்தாள். ஊதாக் குழாயின் தட்டு. நடுவில் பார்த்தால் சிவப்பணுக்கள்தான், பிளேட்லட் அங்கொன்று இங்கொன்று. மெஷின் சொன்னது மாதிரியே. அவள் தட்டை மெல்ல நகர்த்தினாள். பூசின இரத்தம் முடிகிற ஓரம், மெஷினின் கண்ணுக்கு எட்டாத ஓரம்.

அங்கே இருந்தன. கும்பல் கும்பலாக. முப்பது, நாற்பது என்று ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, ஊதாப் பொடி சிந்தினது போல, ஓரம் முழுக்க. நீலக் குழாயின் தட்டை மாற்றி வைத்தாள். அதில் எல்லாம் தனித்தனியாக, எங்கு பார்த்தாலும் தாராளமாக.

றிஸ்லா சிரித்தாள். சாறக் கடைக்காரர் எழுந்து வாசல்வரை வந்துவிட்டார்.

"வாங்க ராத்தா, காக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க! வந்து பாருங்க உங்கட பிளேட்லட்ட!"

பக்கீர் லேஞ்சிக் கட்டோடு குனிந்து ஒரு கண்ணால் பார்த்தார். றிஸ்லா பக்கத்தில் நின்று சொன்னாள். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்கிறது. அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்சியம் இல்லாமல் கட்டியாக முடியாது. ஆயிரக்கணக்கான பேருக்கு அந்த மருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அபூர்வமாகச் சிலருடைய இரத்தம், அந்த மருந்துபட்டதும் பிளேட்லட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். உடம்புக்குள் அல்ல, குழாய்க்குள் மட்டும். மெஷினோ பருமனைப் பார்த்துத்தான் எண்ணும். சின்னது பிளேட்லட், பெரியது வேறேதோ.

"நெத்தலிய எண்ணுடா எண்டு ஒருத்தன விட்டா, ஒட்டிக் கட்டியாக் கிடக்கிற நெத்தலியெல்லாம் பாரை மீனாக்கும் எண்டு தள்ளி வெச்சிட்டு, நெத்தலி பத்தொன்பதுதான் எண்டு சொன்னா எப்பிடி இருக்கும், காக்கா?"

பக்கீர் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார். நாலு நாளில் முதல் தடவையாக அது சிரிப்புச் சத்தம். சிரித்ததில் கன்னம் வலித்து, "ஸ்ஸ்ஸ்" என்று பிடித்துக்கொண்டார்.

நீலக் குழாயை மெஷினில் வைத்தாள். இருநூற்றுப் பதினாறு. நீல மூடிக்குள் இருப்பது வேறொரு மருந்து, அது திரவமாக இருப்பதால் பத்தில் ஒரு பங்கைக் கூட்டவேண்டும். கூட்டினால் இரண்டு இலட்சத்து முப்பத்தேழாயிரத்துக்கு மேல். கல்முனைச் சந்தியில் நிற்கிற எந்த ஆரோக்கியமான ஆளுக்கும் இருக்கிற அளவு.

"அப்ப பப்பாசி?" என்றாள் சுபைறா. அவளுக்கு ஏழு வீட்டு மரங்களின் நினைப்பு.

"பப்பாசியில பிழையும் இல்ல, புகழும் இல்ல. முப்பத்துநாலு வந்த லெப்பில எடுத்த கையோட எண்ணியிருப்பாங்க, ஒட்ட நேரம் போதல்ல. பதினெட்டு வந்த இடத்தில சனம் கூட, குழாய் கனநேரம் கிடந்திருக்கும், நல்லா ஒட்டிட்டு. அவ்வளவுதான்."

சுபைறாவுக்கு அரை மனதுதான். பத்தொன்பது எப்படி இருநூற்று முப்பத்தேழு ஆகும்? கூட்டினேன் என்கிறாள், என்னத்தைக் கூட்டினாளோ? அவள் முகத்திலே எழுதியிருந்த சந்தேகத்தைப் படித்த றிஸ்லா, மேசை லாச்சியைத் திறந்து ஒரு பழைய நிறுத்தக் கடிகாரத்தையும் வட்டமான வடிகடதாசியையும் எடுத்தாள். இந்தக் காலத்தில் யாரும் செய்யாத பரிசோதனை அது. பக்கீரின் மேற்கையில் பட்டியைச் சுற்றி, முன்கையைத் துடைத்து, சின்னதாக ஒரு கீறல் போட்டாள். கடிகாரத்தை அழுத்தினாள்.

சிவப்பாக ஒரு மணி திரண்டது. அரை நிமிடம். காயத்தைத் தொடாமல், சொட்டின் ஓரத்தை மட்டும் கடதாசியால் ஒற்றினாள். கடதாசியில் ஐந்து சதக் காசளவு வட்டம். மறுபடியும் அரை நிமிடம். அதைவிடக் கொஞ்சம் சின்ன வட்டம். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். டெங்குப் பையனின் தகப்பன் சத்தமாக எண்ணினார். மூன்றாவது. நாலாவது. வட்டம் மிளகளவாகிவிட்டது. "பிளேட்லட் போய்ச் சேர்ந்திட்டுது," என்று யாரோ கத்தினார்கள், கரவலை இழுக்கிற உற்சாகத்தில். ஐந்தாவது. ஆறாவது தடவை ஒற்றும்போது கடுகளவு ஒரு புள்ளி. ஏழாவது தடவை கடதாசி வெள்ளையாகவே வந்தது.

"மூண்டர நிமிசம்! ஏழு நிமிசம் வரைக்கும் நல்லமெண்டு சொல்லுவம், ராத்தா. பாருங்க, உங்கட புருசன்ட ரத்தம் தன்பாட்டில நிண்டிட்டு."

சுபைறா கடதாசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பப்பாசிச் சாற்றுப் போத்தலை வெளியே கொண்டுபோய் வடிகானில் கவிழ்த்தாள். வாங்கில் கைதட்டல் எழுந்தது.

அந்த நேரத்தில்தான் ஷரிபுதீன் உள்ளே வந்தார். விசயம் விளங்கியதும் றிஸ்லாவைத் தனியாக ஒதுக்கினார். "முதல் நாள் இருவத்தொண்டு எண்டு குடுத்ததும் நம்மட லெப்புத்தான். இப்ப நம்மட ரிப்போர்ட்ட நாமளே பிழை எண்டு எழுதுறதா? சனம் என்ன கதைக்கும்?"

"மத்த ரெண்டு லெப்பும் அதேதான் குடுத்திச்சி. நாம மட்டும்தான் கண்டுபிடிச்சம் எண்டு கதைக்கும், நானா," என்றாள் றிஸ்லா. ஷரிபுதீனின் முகம் மலர்ந்தது. அந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவில்லை.

அவள் புது ரிப்போர்ட்டில் இரண்டு எண்ணிக்கையையும் எழுதி, அதற்குக் கீழே பேனையால், இவருடைய குருதிச் சிறுதட்டுகள் ஊதா மூடிக் குழாயில் ஒட்டிக்கொள்கின்றன, எப்போதும் நீல மூடிக் குழாயில் எண்ணவும் என்று எழுதிக் கையொப்பமிட்டாள். அந்தக் கடதாசியை வாழ்நாள் முழுக்கக் கைவசம் வைத்திருக்கச் சொன்னாள். கண்ணாடித் தட்டுகள் இரண்டையும் பொதிந்து கொடுத்து, "இப்ப நேரா ஆசுபத்திரிக்குப் போங்க. நான் சொன்னது போதாது, பெரிய டொக்டர் ஒருக்காப் பாக்கணும். பயப்பட வேணாம், மறிக்கமாட்டாங்க," என்று ஓட்டோவில் ஏற்றிவிட்டாள். பயப்படாதே என்று சொன்னவளுக்கு அன்று பின்னேரம்வரை பயம்தான். தட்டில் கண்டது கண்டதுதான். ஆனாலும் அது ஒரு மனிசனின் உயிர் இல்லையா? மூன்று மணிக்குச் சுபைறா தொலைபேசியில் கூப்பிட்டாள். பெரிய டொக்டர் தட்டுகளைப் பார்த்தாராம், அவரும் சிரித்தாராம், படிக்க வந்திருந்த பொடியன்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். றிஸ்லா தொலைபேசியை வைத்துவிட்டு அந்த ஒடுங்கின லெப்புக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

புதன்கிழமை பல் கழன்றது. மூன்று வேரோடும் ஒரு கிண்ணச் சீழோடும் வந்ததாகச் சுபைறா சொன்னாள். சுபைறாவின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு இருந்தவருக்குக் கால் மணித்தியாலத்தில் இரத்தம் நின்றதைப் பல் டொக்டரே நின்று பார்த்தாராம். "அந்தக் கட்டிய நாக்கால தோண்டிப் போடாதீங்க, அதுதான் உங்கட மூடி," என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை வீக்கம் வடிந்தது. கஞ்சி குடித்தார். பேசவேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள், அவரும் ஆச்சரியமாக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். தொண்டையைச் சேமிக்கிறாராம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிகாஹ். றிஸ்லாவுக்கு அழைப்பு வரவில்லை, சுபைறாவே நேரில் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வளவு நிறையச் சனம். பெண்கள் அறைக்குள், மருதோன்றிக் கையோடு மர்ஷூதா நடுவில். முன் மண்டபத்துக்கும் அறைக்கும் இடையில் ஒரு திரைச் சீலை. ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள் சுபைறா. கல்யாண வேலைகள் ஆயிரம் கிடக்க, அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. றிஸ்லா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே காதியார் ஓதி முடித்தார். பக்கீர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருப்பார். தொண்டையைச் செருமுகிற சத்தம் ஒலிபெருக்கியில் இரைந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு நொடி, மூன்று நொடி. சுபைறா கண்ணை மூடிக்கொண்டாள். பல்லுப் போன இடம் நோகிறதா? வாய் திறபடவில்லையா?

"என் மகள் மர்ஷூதாவை," என்று எழும்பியது குரல்.

வெடித்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒலிபெருக்கி அதைத் தாங்காமல் கீச்சிட்டது. ஒரு பிள்ளை திடுக்கிட்டு அழத் தொடங்கியது. தோணி கரை தொட்டால் போடுகிற சத்தம்! வசனம் பேசிய மஹருக்கு என்று ஏறி, உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று ஒரு சொல்லும் தடக்காமல் போய் முடிந்தது. சியாம் ஏற்றுக்கொண்டேன் என்று சொன்ன குரல் அதற்குப் பின்னால் கொசு இரைந்ததுபோல் கேட்டது. மண்டபத்தில் சிரிப்பு அலையடித்தது. "பக்கீர் காக்கா, கைய விடுங்க, மாப்பிள கையொப்பம் வெக்கணும்," என்று காதியார் கெஞ்சினார். பக்கீர் விடவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் ஒலிபெருக்கியில்தான் வந்தது.

திரைக்குப் பின்னால் சுபைறா கீழே குந்திவிட்டாள். சீலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். றிஸ்லா அவளைப் பிடித்துத் தூக்கப் போய்த் தானும் அழுதுகொண்டு நின்றாள். ஒரு நாளைக்கு நூறு பேரின் இரத்தத்தைச் சிரித்துக்கொண்டு எடுக்கிறவள்.

சுபைறா எழுந்து, சனத்தை விலக்கிக்கொண்டு மகளிடம் போனாள். மர்ஷூதாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கேட்டியா, மகள்? உன்ட வாப்பாட சத்தம். கேட்டியா?"

மணப்பெண்ணின் கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. அவள் சிரித்தாள்.

"ஓம் உம்மா. நிந்தவூருக்கே கேட்டிருக்கும்."